'எபியூசியோஸ்': ஒரு கிரேக்கச் சொல்லின் பொருளைப் பழைய மொழிபெயர்ப்புகள் தீர்த்துவைக்குமா?

கேள்வியை முதலில் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்கள் கர்த்தர் கற்பித்த செபத்தில் "எங்கள் அனுதின உணவை" என்கிறார்கள். பழைய திருப்புதல் வேதாகமத்தில் மத்தேயு 6:11 "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்றிருக்கிறது. ஒரு காணொளியில் பேசியவர், மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் இரண்டுமே இல்லை, "பொருள் உலகைக் கடந்த அப்பம்" என்பதுதான் சரி, ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பே அதற்குச் சாட்சி என்கிறார். இதில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: கிரேக்கத்திலேயே பொருள் தெளிவில்லாத ஒரு சொல்லை, அதைப் பழங்காலத்தில் மொழிபெயர்த்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும், ஓரளவுக்கு. அந்த அளவு எவ்வளவு என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

சொல் 'எபியூசியோஸ்'. மத்தேயு 6:11, லூக்கா 11:3, பிறகு தொடக்கத் திருச்சபையின் கையேடான தீதாக்கேயின் 8ஆம் அதிகாரம். மூன்றும் ஒரே செபம். இந்தச் செபத்தையும் அதைப் பற்றிய விளக்கங்களையும் விட்டால், கிரேக்க இலக்கியத்தில் அது உறுதியாகக் காணப்படும் இடம் வேறில்லை. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஓரிகன், செபத்தைப் பற்றிய தம் நூலில், இந்தச் சொல்லைக் கற்றவர்களும் வழங்குவதில்லை, பாமரர் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே உண்டாக்கியதுபோல் இருக்கிறது என்று எழுதினார். கிரேக்கத்தைத் தாய்மொழியாகப் பேசிய ஒரு பேரறிஞருக்கே அது புதுச்சொல்லாக இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'அன்றாட' என்று சொல்ல மட்டும் எண்ணியிருந்தால் கிரேக்கத்தில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. யாக்கோபு 2:15இல் அன்றாட உணவுக்கு 'எஃபேமெரோஸ்' வருகிறது. அப்போஸ்தலர் 6:1இல் அன்றாடப் பந்தி விசாரணைக்கு 'கதேமெரினோஸ்' வருகிறது. இவற்றை விட்டு ஏன் புதிதாக ஒன்று என்பதற்கு யாரிடமும் உறுதியான விடை இல்லை.

"இல்லை, எகிப்தியப் பாப்பிரசு (நாணல் தாள்) ஒன்றில் இந்தச் சொல் கிடைத்திருக்கிறது" என்று பழைய அகராதிகளிலும் உரைகளிலும் படித்திருப்பீர்கள். ஃபிளிண்டர்ஸ் பெட்ரி எகிப்தின் ஹவாராவில் தோண்டியெடுத்த ஒரு செலவுக் கணக்கு அது. 1889இல் ஏ. எச். செய்ஸ் அதைப் படித்து வெளியிட்டபோது ஒரு வரியில் 'எபியூசி' என்ற எழுத்துகளைக் கண்டதாகக் குறித்தார். கொண்டைக்கடலை, வைக்கோல் என்று போகும் பட்டியல் என்பதால், 'அன்றைய படி' என்ற பொருளுக்கு அது பெரிய ஆதாரமாகக் கொண்டாடப்பட்டது. பிறகு அந்தத் தாள் எங்கே போனது என்றே தெரியவில்லை. 1990களின் இறுதியில் அது யேல் பல்கலைக்கழகச் சேகரிப்பில் அடையாளம் காணப்பட்டது. மறுபடி படித்துப் பார்த்தவர்கள் 1999இல் வெளியிட்ட முடிவு, அங்கே இருப்பது 'எலாயூ', அதாவது எண்ணெய். ஆகவே நீங்கள் வைத்திருக்கும் அகராதி இந்தப் பாப்பிரசை ஆதாரமாகக் காட்டினால் அந்தப் பகுதியை அடித்துவிடலாம். அகராதிகளின் பழைய பதிப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதாலேயே இந்தச் செத்த ஆதாரம் இன்னும் உலவுகிறது.

வெளிச்சான்று இல்லாதபோது சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. முதல் பிரிப்பு 'எபி' (மேல், -க்கு) + 'ஊசியா' (இருப்பு, சாரம்). இதிலிருந்து 'இருப்புக்கு வேண்டிய' என்றும் வரலாம், 'சாரத்துக்கு மேற்பட்ட' என்றும் வரலாம். இதற்கு ஒலியியல் தடை ஒன்று உண்டு. உயிரெழுத்துக்கு முன்னால் 'எபி'யின் இகரம் வழக்கமாக உதிரும். 'எபி'யும் வானத்தைக் குறிக்கும் 'ஊரானோஸ்'உம் சேர்ந்தால் 'எபூரானியோஸ்' ஆகுமே தவிர 'எபியூரானியோஸ்' ஆகாது. பொய்ச்சத்தியம் செய்பவரைக் குறிக்கும் 'எபியோர்கோஸ்' போன்ற விதிவிலக்குகள் இருப்பதால் தடை முழுமையானதல்ல, ஆனால் வலுவானது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புதிய ஏற்பாட்டில் 'ஊசியா' வருவது கெட்ட குமாரன் உவமையில் மட்டுமே (லூக்கா 15:12, 13), அங்கே அதன் பொருள் தகப்பன் சொத்து. தத்துவ நூல்களின் 'சாரம்' அந்த உவமையில் இல்லவே இல்லை.

இரண்டாவது பிரிப்பு 'எபியேனாய்', 'வந்துசேர்' என்ற வினை. அதிலிருந்து 'ஹே எபியூசா' என்றால் வரும் நாள், மறுநாள். இது அன்றாட வழக்கு. அப்போஸ்தலர் 16:11, 20:15, 21:18 ஆகிய இடங்களில் மறுநாளைக் குறிக்க இதே சொல்தான். இந்த வழியில் இகரம் வினையின் அடியிலேயே இருப்பதால் ஒலியியல் சிக்கல் எழவில்லை. மூன்றாவது, 'எபி தேன் ஊசான்', நடக்கும் நாளுக்கு என்ற தொடரைச் சுருக்கியது என்பது. இதற்கும் முதலாவதின் தடை பொருந்தும். ஓரிகன் ஒப்பிட்டுக் காட்டிய 'பெரியூசியோஸ்' (யாத்திராகமம் 19:5இன் கிரேக்கத்தில் 'சொந்த சம்பத்து') இங்கே உதவாது, ஏனெனில் 'பெரி'யின் இகரம் உயிர்முன் உதிர்வதே இல்லை.

இனி மொழிபெயர்ப்புகள். ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: மொழி, மொழிபெயர்ப்பு நடந்த காலம், நம் கையில் உள்ள ஏட்டின் காலம், எதைப் பார்த்து மொழிபெயர்த்தார்கள். பலர் இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்புவார்கள். பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கின் மொழிபெயர்ப்பு ஆயர் உல்ஃபிலா செய்தது, 4ஆம் நூற்றாண்டு. அதன் புகழ்பெற்ற ஏடு, உப்சாலாவில் இருக்கும் வெள்ளி ஏடு, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நான்காவது பத்தி இன்னும் முக்கியம். இன்னொரு மொழிபெயர்ப்பைப் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு தனிச் சாட்சி ஆகாது.

லத்தீனை எடுப்போம். ஜெரோமுக்கு முந்தைய லத்தீன் ஏடுகள் இரண்டு நற்செய்திகளிலும் 'கோதிதியானுஸ்', அன்றாட, என்கின்றன. வட ஆப்பிரிக்காவின் லத்தீன் திருச்சபை எழுத்தாளர்களான தெர்த்துல்லியன் 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயும் சிப்பிரியான் அதன் நடுவிலும் தங்கள் செப விளக்கங்களில் இதையே வழங்குகிறார்கள். தமாசு பாப்பரசர் கேட்டுக்கொண்டதன்பேரில் 383-384இல் நற்செய்திகளைத் திருத்திய ஜெரோம், மத்தேயுவில் மட்டும் அதை எடுத்துவிட்டு 'சூப்பர்சுப்ஸ்தான்சியாலிஸ்' என்று போட்டார். லூக்காவில் 'கோதிதியானுஸ்' அப்படியே நின்றது. ஒரே கிரேக்கச் சொல், ஒரே கை, இரண்டு பொருள். காணொளிக்காரர் மத்தேயுவைக் காட்டுகிறார், லூக்காவைக் காட்டவில்லை. மேலும் ஜெரோமின் புதுச்சொல்லைப் பிரித்தால் 'சூப்பர்' என்பது 'எபி', 'சுப்ஸ்தான்சியா' என்பது 'ஊசியா'. உறுப்புக்கு உறுப்பு அச்சு வார்த்தது. இப்படிப்பட்ட வார்ப்பு, மொழிபெயர்ப்பாளர் சொல்லை எப்படிப் பிரித்தார் என்பதைக் காட்டும். மக்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதைக் காட்டாது. 398இல் எழுதிய மத்தேயு விளக்கவுரையில் ஜெரோமே பல கருத்துகளை அடுக்குகிறார். எல்லாப் படைப்புகளையும் கடந்த அப்பம் என்று 'வேறுவிதமாகவும்' கொள்ளலாம் என்கிறார், சாதாரண உணவு என்று எளிதாகக் கொள்பவர்களையும் குறிப்பிடுகிறார். தாம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாக அவரே எண்ணவில்லை. லத்தீன் வழிபாடு இதற்கெல்லாம் அசையாமல் 'கோதிதியானுஸ்' என்றே தொடர்ந்து வேண்டியது. உங்கள் 'அனுதின உணவு' வருவது அந்த மரபிலிருந்துதான்.

அப்படியானால் பழைய லத்தீன் 'அன்றாட' என்பதற்குச் சாட்சி என்று முடித்துவிடலாமா? இங்கேதான் திருப்பிச் சோதிக்கும் வேலை வருகிறது. மொழிபெயர்ப்பில் உள்ள சொல், வேறு இடங்களில் எந்தெந்தக் கிரேக்கச் சொற்களுக்கு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வுல்காத்தாவில், அதாவது ஜெரோமின் பெயரால் வழங்கும் லத்தீன் விவிலியத்தில், 'கோதிதியானுஸ்' அப்போஸ்தலர் 6:1இல் 'கதேமெரினோஸ்' இடத்தில் நிற்கிறது, யாக்கோபு 2:15இல் 'எஃபேமெரோஸ்' இடத்தில் நிற்கிறது, லூக்கா 11:3இல் நம் சொல்லின் இடத்தில் நிற்கிறது. கிரேக்கத்தின் மூன்று தனித்தனிச் சொற்களை லத்தீன் ஒரே சொல்லில் போட்டுவிட்டது. ஆகவே லத்தீன் வாசகர் இதை அன்றாட உணவாக எடுத்துக்கொண்டார் என்பது உறுதி. கிரேக்கச் சொல்லின் தனித்தன்மை என்ன என்பதை லத்தீன் நமக்குச் சொல்லாது, அது அந்த வேறுபாட்டை வைத்துக்கொள்ளவே இல்லை.

சீரியக்கு இதைவிடச் சுவையானது, ஏனெனில் அது இயேசு பேசிய அரமேயத்தின் நெருங்கிய உறவு. அதனாலேயே ஆபத்தும் அதிகம். பழைய சீரியக்கு நற்செய்திகள் இரண்டு ஏடுகளில் உள்ளன. ஒன்று வில்லியம் கியூர்ட்டன் 1858இல் பதிப்பித்தது. மற்றது 1892இல் சீனாய் மலை மடத்தில் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் கண்டெடுத்த அழித்தெழுதிய ஏடு. சீனாய் ஏட்டில் மத்தேயு 6:11 உள்ள தாள் இல்லை. அதனால் மத்தேயுவுக்குக் கியூர்ட்டன் ஏடு ஒன்றுதான் சாட்சி. அதில் 'லஹ்மன் அமீனா' என்று இருக்கிறது: நிலையான, இடைவிடாத அப்பம். பிறகு வந்த பெஷித்தா, அதாவது சீரியக்குத் திருச்சபைகளின் பொதுப் பதிப்பு, இதை மாற்றி 'லஹ்மா த்சுன்கானன்', எங்கள் தேவைக்கான அப்பம், என்றது. கேரளத்தின் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் சீரியக்கில் வேண்டியபோது சொன்னதும் இதுவே. 'அமீனா' என்பதன் பின்னால் எண்ணாகமம் 4:7இன் 'நித்திய அப்பம்' இருக்கலாம், 'தேவை' என்பதன் பின்னால் நீதிமொழிகள் 30:8இன் "என் படியை எனக்கு அளந்து" இருக்கலாம் என்று சொல்வார்கள். நல்ல ஊகங்கள், அவ்வளவே. சீரியக்கு நற்செய்திகள் கிரேக்கத்திலிருந்து வந்த மொழிபெயர்ப்புகள். இயேசுவின் வாயிலிருந்து நேராக இறங்கிய அரமேயம் என்று ஒருவர் சொன்னால், ஒரே மரபில் 'அமீனா' எப்படிச் 'சுன்கானன்' ஆனது என்று கேளுங்கள். நேரடியான நினைவு இருந்திருந்தால் இரண்டு சொற்கள் தேவைப்பட்டிருக்காது.

எகிப்து வேறு பக்கம் போகிறது. எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான கொப்திக்கின் தெற்கு வழக்கான சஹிதிக்கில் 'வருகிற அப்பம்' என்று நிற்கிறது. வடக்கு வழக்கான போஹைரிக்கின் மத்தேயுவில் 'நாளைக்கான அப்பம்'. கொப்திக்குத் திருச்சபை அரபியில் செபிக்கும்போது இன்றும் 'நாளைக்கான எங்கள் அப்பம்' என்றே சொல்கிறது. இவர்கள் 'எபியேனாய்' என்ற வினையிலிருந்து சொல்லைப் பிரித்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. எகிப்தில் கிரேக்கமும் கொப்திக்கும் ஒரே தெருவில் புழங்கின. இருமொழியாளர்கள் செய்த மொழிபெயர்ப்பு என்பதால் இதற்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். போஹைரிக்கு நற்செய்தி ஏடுகளில் பெரும்பாலானவை இடைக்காலத்தவை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மற்றவற்றை விரைவாகப் பார்த்துவிடலாம். கோதிக்கு 'சிந்தைன்ஸ்' என்கிறது. அகராதியில் 'அன்றாட' என்று இருக்கும், ஆனால் அந்த அகராதிக்கு இந்த வசனமே ஓர் ஆதாரம். இதன் வினையடை 'சிந்தைனோ' மாற்கு 14:7இல் ("தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்") 'எப்போதும்' என்பதற்கு வருகிறது. ஆக 'இடைவிடாத' என்ற சாயல் உண்டு. ஆர்மேனியத்தின் 'ஹனபசோர்து' அதே சாயல்தான். ஆனால் ஆர்மேனிய விவிலியத்தின் தொடக்க அடுக்கில் சீரியக்கின் கை இருப்பதால், 'அமீனா'வுக்கு அதை இரண்டாவது வாக்காக எண்ணக்கூடாது. எத்தியோப்பியாவின் கீஸ் மொழி 'ஒவ்வொரு நாளுக்குமான உணவு' என்கிறது. ஜார்ஜியம் 'இருப்பின் அப்பம்' என்கிறது. 9ஆம் நூற்றாண்டின் ஸ்லாவிய மொழிபெயர்ப்பு 'நசூஷ்னி' என்று கிரேக்க உறுப்புகளை அப்படியே வார்த்தது. இன்றைய ரஷ்யத்தில் அந்தச் சொல்லுக்கு 'இன்றியமையாத' என்று பொருள். அந்தப் பொருளே இந்தச் செபத்தில் பழகிப் பழகி ஊறியது. "ரஷ்ய மொழியில் இப்படிப் பொருள், ஆகவே கிரேக்கத்திலும் அப்படியே" என்று வாதிடுவது தன் நிழலையே சாட்சிக்கு அழைப்பது.

இதை நீங்களே செய்து பார்க்க விரும்பினால் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சீரியக்குக்கு, சீனாய், கியூர்ட்டன், பெஷித்தா, பிற்காலத்துச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பான ஹார்க்கெல் என நான்கையும் வரிக்கு வரி அடுக்கும் ஜார்ஜ் கிராசின் ஒப்பீட்டுப் பதிப்பு. பழைய லத்தீன் நற்செய்திகளுக்கு யூலிஹரின் பதிப்பு. கொப்திக்குக்கு ஹார்னரின் பதிப்புகள், பழையவை ஆனாலும் ஆங்கிலம் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். கோதிக்குக்கு ஸ்ட்ரைட்பெர்க், கிரேக்கம் இடப்பக்கத்தில் இருக்கும். அந்த எதிர்ப்பக்கக் கிரேக்கம் பதிப்பாசிரியர் ஊகித்து அமைத்தது, உல்ஃபிலாவின் மேசையில் இருந்ததல்ல. சீரியக்குச் சொற்களுக்கு இணையத்தில் விரிவான அரமேய அகராதி இலவசமாக இருக்கிறது. மொழி தெரியாவிட்டாலும் எழுத்துகளை அடையாளம் காணும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் தேடினால், இரண்டு வேறு சீரியக்குச் சொற்களுக்கு ஒரே ஆங்கிலச் சொல்லைப் பார்த்து ஏமாறுவீர்கள்.

இந்தச் செபத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எல்லாருக்கும் மனப்பாடமான வரி இது. ஏடு படி எடுப்பவர் முன்னால் உள்ளதைப் பார்க்காமல் வாயில் வருவதை எழுதிவிடுவார், மொழிபெயர்ப்பவர் சபை ஏற்கெனவே செபிக்கும் வடிவத்தை மாற்றத் தயங்குவார். ஒரு வரலாற்று வசனத்தில் மொழிபெயர்ப்புக்கு இருக்கும் சான்று மதிப்பு இங்கே குறைவு.

ஜெரோமின் இன்னொரு செய்தியும் எடைக்கு வர வேண்டும். எபிரெயரின் நற்செய்தி என்ற நூலில் இந்த இடத்தில் 'மஹார்', நாளை, என்று தாம் கண்டதாக அதே விளக்கவுரையில் எழுதுகிறார். இது செபத்தின் மூல அரமேயத்தின் எச்சம் என்று சிலர் கொள்கிறார்கள். கிரேக்க மத்தேயுவைப் பார்த்துத் திருப்பி எழுதியது என்று சிலர் கொள்கிறார்கள். அந்த நூல் நம்மிடம் இல்லாததால் இதைத் தீர்க்க முடியாது. எச்சமாக இல்லாவிட்டாலும், செமிட்டிய மொழி பேசிய ஒரு குழு இந்தச் சொல்லை 'நாளை' என்று எடுத்துக்கொண்டது என்ற அளவுக்கு அது பயன்படும், கொப்திக்கோடு ஒத்தும் போகிறது.

என் கணிப்பு இது. 'வரும் நாளுக்குரிய' என்பதே இலக்கணத்தால் வலுவானது, கொப்திக்கு, எபிரெயரின் நற்செய்தி என்ற இரண்டு மரபுகளும் அதைத் தாங்குகின்றன. "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" (மத்தேயு 6:34) என்பதோடு மோதுகிறதே என்பார்கள். நாளைய சாப்பாட்டை இன்றே கேட்டு வாங்கிவிட்டவன் கவலைப்படத் தேவையில்லை என்றும் படிக்கலாம், ஆகவே அந்த மறுப்பு என்னை அசைக்கவில்லை. 'தேவையான' என்பது அடுத்து வரும். இலக்கணத்தில் தளர்ந்தாலும் மரபில் பழையது. 'அன்றாட' என்பது பொருளின் பொதுவான திசையைச் சரியாகவே காட்டுகிறது, சொல்லின் அமைப்பை விளக்கவில்லை. 'பொருள் உலகைக் கடந்த' என்பது நற்கருணையைத் தியானிக்க உதவிய பழைய வாசிப்பு. 1ஆம் நூற்றாண்டுக் கலிலேயாவில் அப்பம் கேட்டவர்களின் சொல்லாக அதை நிறுவ ஆதாரம் போதாது. தமிழில் 'வேண்டிய ஆகாரம்' பெஷித்தாவின் 'தேவை'யோடு ஒத்திருக்கிறது என்பதால் அங்கிருந்து வந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். கிரேக்கத்தை 'இருப்புக்கு வேண்டிய' என்று பிரித்த எவரும் தனியாகவே அங்கே போய்ச் சேரலாம்.

இந்த முறையைப் பழக நினைப்பவர்கள் 'எபியூசியோஸில்' தொடங்காமல் இருப்பது நல்லது, ஒப்பிட இடமே இல்லாத சொல் இது. 'மோனோகெனேஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். புதிய ஏற்பாட்டில் 9 இடங்கள். லூக்காவின் 3 இடங்களில் வுல்காத்தா 'ஊனிகுஸ்', ஒரே, என்கிறது. யோவானில் 'ஊனிகெனித்துஸ்', ஒரேபேறான, என்கிறது. பெஷித்தாவுக்கு எல்லாவற்றுக்கும் 'இஹிதாயா' ஒன்றே போதுமாக இருக்கிறது. பழைய திருப்புதலின் லூக்கா 7:12ஐயும் யோவான் 3:16ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தமிழ் எந்த வழியில் போனது என்பது உடனே தெரியும்.